கப்பலின் பெயரும் கப்பலேறியவரும்

கப்பலையும் விமானத்தையும் பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் வாழ்த்துப்பாக்களாகவே அமைந்துவிடுகின்றன. கோப்பாயிலிருந்து பருத்தித்துறை வீதியால் போனால், சில மைல் தொலைவில் வடகடல். அக்கரையோரத்து வல்வெட்டித்துறையிலே 1930ஆம் ஆண்டு கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கருக்கு விற்கப்பட்டது. 1938 ஓகஸ்டில் அது அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. எங்கள் பகுதி மாணவர் மலர்களில் இக்கதையை நான் பலமுறை படித்திருக்கிறேன்.

அந்த மாலுமிகளின் துணிவை மறுப்பாரில்லை. ஆயினும், நீராவிக் கப்பல் உலகக் கடல்களை ஆண்ட காலத்தில் இங்கே பாய்க்கப்பல் ஏன் கட்டப்பட்டது என்று எந்தக் கட்டுரையும் கேட்பதில்லை. பாக்கு நீரிணை ஆழமற்றது. பெருங் கப்பல்கள் கரையை அணுக இயலாது. அரிசியும் ஓடும் புகையிலையும் ஏற்றிக் குறைந்த கூலிக்கு ஓடிய தோணிகள் அதனாலேதான் பிழைத்திருந்தன. அன்னியக் கம்பனி விட்டுவைத்த ஓரக்கடல் அது. கப்பலை வாங்கியவர் அதற்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். இதையும் நம்மவர் ஒரே வரியில் கடந்துவிடுகின்றனர்.

வ. உ. சி.யைப் பற்றிய எழுத்தும் இத்தகையதே. 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கம்பனி தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே கப்பல் விட்டது. 1908இல் நூற்பாலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தில் அவர்கள் பக்கம் நின்றார், அவ்வாண்டே சிறைப்பட்டார். 1936இல் பொருள் நெருக்கடியிலேயே மறைந்தார். இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்ததென்ன? 1919இல் பம்பாய் முதலாளிகளின் சிந்தியா கம்பனி தன் முதற் கப்பலை இலண்டனுக்கு அனுப்பியது. 1923இல் ஆங்கிலக் கம்பனிகளோடு உடன்படிக்கை செய்து, 75,000 தொன் என்ற எல்லைக்குள் அடங்கிக்கொண்டது. கட்டணப் போரால் நெருக்கப்பட்டே அவ்வாறு செய்தது என்பது உண்மை. எனினும், சுதேசியம் என்ற சொல் தொழிலாளியின் பக்கத்திலிருந்து பங்குதாரரின் பக்கத்துக்கு நகர்ந்த இடம் இது. நம் பெருமைக் கட்டுரைகளில் இதற்கு இடமில்லை.

நிற்க. 1932 ஒக்ரோபரில் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு டாட்டாவின் தபால் விமானம் பறந்தது. 1938 பெப்ரவரியில் அச்சேவை இரத்மலானையை எட்டியது. கடிதப் பை சில நிமிடங்களில் நீரிணையைத் தாண்டியது. அதே காலத்தில், தலைமன்னாருக்குக் கப்பலேற வந்த தோட்டத் தொழிலாளரை, நோய்த் தடுப்பென்று மண்டபம் முகாமில் நாட்கணக்கில் அடைத்து வைத்தனர். கடிதத்துக்குக் கிடைத்த வேகம் அதை எழுதியவனுக்குக் கிடைக்கவில்லை.

இதை நம் இலக்கியம் காணவில்லையா? ஒருவர் கண்டார். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ 1935இல் மணிக்கொடியில் வெளிவந்தது. இரத்மலானையில் முதல் விமானம் இறங்கியதும் அவ்வாண்டே. திருநெல்வேலிச் சீமையின் ஏழைகள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பட்ட பாட்டை அவர் எழுதினார். கதையில் குறைகள் உண்டு. இறுதிப் பகுதி நாடகத்தன்மை மிகுந்து தளர்கிறது. ஆனால், கடல் கடந்தவரைச் சரக்காக அல்லாமல் மனிதராகப் பார்த்த எழுத்து அது. மலாயாவுக்குக் கப்பலேறிப் பென்சனோடு திரும்பியவர்களைப் பற்றிக் கதைகதையாய்ப் பேசும் நாம், மண்டபத்தில் அடைபட்டவர்களைப் பற்றிப் பேசினோமா?

1947 டிசம்பரில் எயர் சிலோன் விமானம் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறக்கத் தொடங்கிற்று. யாழ்ப்பாணத்துக்கு வானம் திறந்தது. மறு ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. அத்தோட்டத் தொழிலாளரின் பெரும்பான்மையினர் நாடற்றவராயினர். இவ்விரு செய்திகளையும் ஒரே கட்டுரையில் நான் இன்னும் படித்ததில்லை.

2019இல் பலாலியிலிருந்து சென்னைக்கு மீண்டும் விமானம். 2023இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல். வாழ்த்துக் கட்டுரைகள் மறுபடியும் வரத் தொடங்கிவிட்டன. மலருக்கு எழுதத் தலைப்புக் கேட்டு வரும் மாணவர்களுக்கு இப்போதெல்லாம் மண்டபம் முகாம் என்றே எழுதிக் கொடுக்கிறேன்.