பங்காளி ஜீப்களும் இரண்டு பட்டறைகளும்

இலங்கையில் ‘4டிஆர்5 ஜீப்’ என்று எஞ்சின் பெயராலேயே அழைக்கப்படும் மிட்சுபிஷியும் இந்தியாவின் பழைய மகிந்திராவும் பங்காளிகள். இரண்டுக்கும் பாட்டன் அமெரிக்க வில்லிஸ். பம்பாயில் 1940களின் கடைசியிலும், ஜப்பானில் 1953இலும் அந்த ஜீப் உரிமத்தின் பேரில் உருவாகத் தொடங்கியது. ஆனால் சாமான் தேய்ந்து பட்டறைக்கு வந்ததும் பங்காளிகளின் வழி பிரிந்துவிடுகிறது.

இந்தியாவில், முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் வில்லிஸ் காலத்து டிரான்ஸ்பர் கேஸ் பெட்டி பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் ஓடியது. அதனால் உதிரி கிடைக்கும்; பெட்டியைப் பிரிக்கத் துணிவும் வரும். போடியிலிருந்து இடுக்கித் தோட்டங்களுக்கு ஆளேற்றிப் போகும் ஜீப் ஒன்று உறுமத் தொடங்கினால், மெக்கானிக் முதலில் சந்தேகப்படுவது நடுத் தண்டை. அது சுற்றாது, அதன்மேல் பல்சக்கரம்தான் ஊசி பேரிங்குகளில் சுற்றும். ஆயில் குறைந்தால் ஊசிகள் தண்டில் வரிவரியாகப் பள்ளம் போடும். பிறகு சக்கரம் ஆடும், பல் சத்தமிடும், ஆயிலும் ஒழுகும். தண்டு, பேரிங், வாஷர் மூன்றையும் மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. இங்கே வில்லங்கம் போலிச் சாமான்தான்: பார்வைக்குப் புதுசு, இரும்போ சரியாகக் கடினப்படுத்தாதது.

மிட்சுபிஷி அந்த ஜீப்பை 1998இல் நிறுத்திவிட்டது. சின்ன உதிரிக்கு அலைவதைவிட, ஜப்பானில் கழற்றிக் கொண்டுவந்த ‘ரீகண்டிஷன்’ பெட்டியைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் முழுசாக வாங்கிப் பூட்டுவது இலங்கைக்காரருக்குச் சுலபமாக இருந்தது. வேலை சீக்கிரம் முடியும். உள்ளே எவ்வளவு தேய்மானம் இருக்கிறது என்பதுதான் தெரியாது. 2020இல் வாகன இறக்குமதி நின்றபின் பழைய ஜீப்பையே ஓட்டியாக வேண்டிய நிலை வந்தது. 2022இல் ரூபாய் சரிந்ததும் அந்தப் பெட்டியும் எட்டாக்கனி ஆனது. மிச்சமிருந்தது, தேய்ந்த சாமானையே கடைந்து சரிசெய்யும் லேத்.

நாட்டுக்கு நாடு மெக்கானிக்கின் குணம் மாறுகிறது என்று இதற்கு அர்த்தமில்லை. மேற்கு வங்கத்தில் மானேபஞ்சன் – சந்தக்பூ மலைப்பாதையில் ஓடும் 1950களின் லேண்ட் ரோவர்களுக்கு இந்தியாவிலும் உதிரி இல்லை. அங்கேயும் எஞ்சினையே மாற்றித்தான் ஓட்டினார்கள்.

இரு பக்கமும் செய்யும் தவறு ஒன்று உண்டு: தேய்ந்த ஸ்ப்ளைனில் வெல்டிங் ஏற்றிப் புதிதாகப் பல் வெட்டுவது. சூட்டில் இரும்பின் கடினம் போய்விடும். மேட்டில் பாரம் ஏறும்போது தண்டு முறுகும். டிஃபரன்ஷியலில் கிரவுன் சக்கரத்தை மட்டும் மாற்றிப் பினியனை விட்டுவைப்பதும் தவறுதான். அவை ஜோடியாகவே உரசிப் பொருத்தப்பட்டவை.

பழைய பெட்டி வாங்குகிறவர்கள் விலை பேசும் முன் டிரெயின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளித் தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தால் பரவாயில்லை. சில்லு சில்லாக இரும்பு வந்தால் அந்தப் பெட்டி வேண்டாம்.