காமாவின் பெருமை

தோல்வியே அறியாதவர் என்று ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டால், நம்மிடையே அதற்கு மேல் பேச்சு எழுவதில்லை. கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வாயை மூடிக்கொள்கிறோம். பெரிய காமா என்று பேர்பெற்ற பயில்வான் குலாம் முகம்மது விஷயத்தில் இந்த மௌனம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நீடித்து வருகிறது. அவரைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே பல்லவியைத்தான் பாடுகிறார்கள். ஒருவரிடமும் தோற்கவில்லை, உலகத்தையே ஜயித்தார். இதில் சரக்கு எவ்வளவு, ஜோடனை எவ்வளவு என்று யாராவது ஒருவர் நிறுத்துப் பார்க்க வேண்டாமா?

கம்பம் பள்ளத்தாக்கில், காமயகவுண்டன்பட்டியில், இதைப் பற்றி ஒரு வாக்குவாதத்தைக் கேட்டேன். ஒரு பக்கம் திராட்சைத் தோட்டக்காரப் பெரியவர். மறு பக்கம் கல்லூரியில் படிக்கும் அவருடைய தங்கை மகன்.

"யாரை ஜெயிச்சாரு மாமா? வெள்ளைக்காரன் ஒருத்தனோட சரிக்குச் சரி. பதினெட்டு வருஷம் கழிச்சு அதே ஆளு கிழவனானப்புறம் தள்ளிவிட்டாரு. இதுக்கா உலக சாம்பியன்?" என்றான் பையன்.

"இங்கே வந்து விழுந்தானா இல்லையா? அதைச் சொல்லு மாப்பிள்ளே" என்றார் பெரியவர்.

இரண்டு பேருமே பாதிப் பாதி சரி என்பது என் அபிப்பிராயம்.

முதலில் ஜோடனையைக் களைந்துவிடுவோம். பரோடா மியூஸியத்தில் ஒரு கல் இருக்கிறது. 1902-ல் காமா அதைத் தூக்கினார் என்கிறார்கள். எடை 1,200 கிலோ என்றும் சொல்லுகிறார்கள். இரும்புத் தண்டில் எடை மாட்டித் தரையிலிருந்து தூக்குவதையே தொழிலாகக் கொண்ட இன்றைய ராட்சசர்களில் ஒருவர் 2016-ல்தான் 500 கிலோவை எட்டினார். அதற்குப் பிறகு வந்தவர்களும் அந்த எல்லையைச் சற்றே தாண்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கைக்குப் பிடி இல்லாத ஒரு கல்லை, அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட எடையோடு, ஒரு மனிதர் மார்பு வரை தூக்கினார் என்றால் நம்புவதற்கில்லை. அசைத்திருக்கலாம், புரட்டியிருக்கலாம். தினம் ஐயாயிரம் பைட்டக், மூவாயிரம் தண்டால், குடம் குடமாகப் பால் என்ற கணக்குகளும் இந்த ஜாதிதான். காமா கடுமையாகச் சாதகம் செய்தவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கதை சொல்லுகிறவனுக்கு எண்ணிக்கை ஒரு போதை. கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் அந்தப் போதை எனக்குத் தெரியும். எண் பெருகப் பெருக ஆள் மறைந்துபோகிறார்.

இனி, பையனின் கட்சி. அதை லேசில் தள்ளிவிட முடியாது. 1910-ல் காமா தம்பி இமாம் பக்ஷுடன் லண்டனுக்குப் போனார். ஐந்தே முக்கால் அடிக்கும் குறைவான உயரத்தைப் பார்த்து முதலில் பந்தயத்தில் சேர்த்துக்கொள்ளவே மறுத்தார்கள். எதிர்த்து நிற்க யாரும் வரலாம் என்று அறைகூவல் விடுத்தார். அமெரிக்கரான டாக்டர் ரோலர் வந்தார்; இரண்டு தடவை மல்லாந்து விழுந்தார். பிறகு செப்டம்பர் 10-ம் தேதி, போலந்துக்காரரான ஸ்பிஸ்கோவுடன் போட்டி. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நடந்தது, முடிவு, சமநிலை. ஒரு வாரம் கழித்து மறுபடி மோத வேண்டிய நாளில் ஸ்பிஸ்கோ வரவில்லை. ஆகவே ஜான் புல் பெல்ட் காமாவுக்குக் கிடைத்தது.

உலக சாம்பியன் என்று நாம் மார்தட்டிக்கொள்வதற்கு ஆதாரம் இவ்வளவுதான். எதிரி வராததால் கிடைத்த பெல்ட்! இன்னொன்றும் உண்டு. அதே ஸ்பிஸ்கோவை அதே ஆண்டு ஜூன் மாதம் சிகாகோவில் ஃபிராங்க் காட்ச் என்ற அமெரிக்கர் இரண்டு தடவை விழத்தாட்டியிருந்தார். அன்றைக்கு உலக சாம்பியன் என்று அமெரிக்கர்கள் கொண்டாடியது காட்சைத்தான். காட்சும் காமாவும் ஒரு நாளும் மோதவில்லை. அவர்களுக்கு முன்னால் புகழ்பெற்ற ஹாக்கன்ஷ்மிட்டும் காமாவும் மோதவில்லை. மோதாதவர்களிடம் தோற்காமலிருப்பது ஒரு பெருமையா என்று கேட்டால், பதில் சொல்வது கஷ்டம்தான்.

ஆனால் விமரிசனம் என்பது முடிவை மட்டும் பார்ப்பதல்ல. முடிவு எப்படி வந்தது என்றும் பார்க்க வேண்டும். சிகாகோவில் முதல் தடவை ஸ்பிஸ்கோ விழுந்தது சில விநாடிகளில். வழக்கம்போல் கைகுலுக்க வந்தவரைக் காட்ச் வாரிவிட்டார் என்று அப்போதே சச்சரவு எழுந்தது. இரண்டாவது தடவைக்கு ஏறக்குறைய அரை மணி ஆயிற்று. அது நேர்மையான வெற்றி. காட்சுக்கு உரியதைக் கொடுத்துவிடலாம். லண்டனில் நடந்ததோ வேறு. காமாவைவிடக் கனத்த சரீரம் கொண்ட ஸ்பிஸ்கோ, போட்டி தொடங்கிச் சிறிது நேரத்துக்கெல்லாம் மெத்தையில் குப்புறப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பெரும்பாலான நேரம் எழுந்திருக்கவில்லை. முதுகு தரையில் படாதவரை தோல்வியில்லை என்பது விதி. விதியை அணைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் கிடந்தார். மெத்தை காமாவுக்குப் புதிது. அவர் பழகியது மண் கோதா. படுத்தவனைப் புரட்டும் வித்தையில் அவர் குறைந்தவர் என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் அவரோடு நின்று பொருதுவதைக் காட்டிலும் கிடப்பது மேல் என்று ஐரோப்பாவின் தலைசிறந்த மல்லர் ஒருவர் தீர்மானித்தார் என்பதும் தெரிகிறது. மறு வாரம் அவர் வராமலிருந்ததன் அர்த்தம் அதுவேதான். காட்சுக்கும் ஹாக்கன்ஷ்மிட்டுக்கும் சவால் விட்டவரும் காமாதான். மோதாத குற்றத்தை அவர்மேல் சுமத்துவது நியாயமாகாது.

1928-ல் பாட்டியாலாவில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பிஸ்கோ இந்தியாவுக்கு வந்தார். ஒரு நிமிஷம் ஆவதற்குள் மண்ணில் கிடந்தார். கிழவனைத் தள்ளியதில் என்ன வீரம் என்கிறான் பையன். காமாவுக்கும் அப்போது ஐம்பது வயதாகப் போகிறது என்பதை அவன் மறந்துவிடுகிறான். இருவரும் ஏறக்குறைய ஒரே வயதினர். தவிர, ஸ்பிஸ்கோ அப்போதும் செத்த பாம்பு அல்ல. 1925-ல் அமெரிக்காவில், பேசி வைத்தபடி தோற்க வேண்டிய ஒரு போட்டியில், பேச்சை மீறி நிஜமாகவே குஸ்தி போட்டு, வேய்ன் மன் என்ற இளைஞரிடமிருந்து சாம்பியன் பட்டத்தைப் பறித்தவர் அவர். அப்படிப்பட்டவர் மூன்றே ஆண்டுகளில் ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. என்றாலும் இந்த வெற்றியை வைத்து நான் காமாவை அளக்க மாட்டேன். மின்னல் வேகத்தில் முடிகிற போட்டி கண்ணைக் கூசச் செய்யுமே தவிர, ஆளைக் காட்டாது.

ஆளைக் காட்டுவது வேறொன்று. குஜ்ரன்வாலாவைச் சேர்ந்த ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா என்ற பயில்வான் காமாவுக்கு மூத்தவர்; ஏழு அடியை நெருங்கிய ஆகிருதி என்பார்கள். பதினேழு வயதுப் பையனாக இருக்கையில் காமா அவரோடு மோதினார். ஜயிக்கவில்லை, தோற்கவுமில்லை. பிறகும் சமநிலை. லண்டனிலிருந்து திரும்பிய பிறகு அலகாபாத்தில்தான் அந்த மலை சரிந்தது. எத்தனை ஆண்டுகள்! ஒரே எதிரியை மறுபடி மறுபடி தேடிப் போய், முடியாமல் திரும்பி, மறுபடி போய் நின்றவரை நாம் "தோல்வியறியாதவர்" என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட்டோம். புகழ் பாடுகிறவர்கள் இந்தச் சமநிலைகளை ஏதோ மறைக்க வேண்டிய கறை மாதிரி அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள். எனக்கோ காமாவின் பெருமைக்கு அவைதாம் சாட்சி என்று படுகிறது.

அப்படியானால் ஜோடனை ஏன் வந்தது? காலத்தைப் பார்த்தால் புரியும். 1905-ல் வங்காளம் துண்டாடப்பட்டது. 1910 ஜூலையில் ஜாக் ஜான்சன் என்ற கறுப்பர், ஜெஃப்ரீஸ் என்ற வெள்ளையரைக் குத்துச்சண்டையில் வீழ்த்தியதும் அமெரிக்காவில் கலகம் மூண்டது. 1911-ல் மோகன் பகான் குழு பட்டாளத்து வெள்ளையரைக் கால்பந்தில் வென்றபோது கல்கத்தா திருவிழாக் கொண்டாடியது. அடிமைப்பட்ட ஜனங்களுக்கு அந்த நாளில் ஒரு முதுகு வேண்டியிருந்தது, வளையாத முதுகு. காமாவின் முதுகை எடுத்துக்கொண்டார்கள். அதன்மேல் கல்லையும் பாலையும் ஏற்றினார்கள். தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காமயகவுண்டன்பட்டிக்காரர்களுக்கு இது புரியாத சங்கதியல்ல. சுதந்தரத்துக்காகச் சிறை சென்றவர்கள் பலர் பிறந்த ஊர் அது; காந்திக்குக் கோயிலே கட்டியிருக்கிறார்கள். சுற்று வட்டாரத்து வீடுகளில் பென்னிகுயிக் துரையின் படமும் தொங்குகிறது. முல்லைப் பெரியாறு அணைக்காக அவர் இங்கிலாந்திலிருந்த சொத்தையெல்லாம் விற்றார் என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். அதற்கு ஏட்டுச் சான்று கிடைக்கவில்லை என்று தேடிப் பார்த்தவர்கள் சொல்லுகிறார்கள். சொத்துக் கதையை எடுத்துவிட்டால் அணை இடிந்துவிடுமா? 1895-ல் திறந்த தண்ணீர் வயலில் பாய்ந்துகொண்டுதான் இருக்கிறது. புகழுக்கு நான் வைக்கும் பரீட்சை இதுதான். பொய்யை உருவிய பிறகு ஏதாவது மிஞ்சி நிற்கிறதா?

காமா விஷயத்தில் நிற்கிறது. உலகத்தில் முதல்வர் என்ற பட்டம் நிரூபணம் ஆகாதது. அதை நாம் விட்டுக்கொடுத்துவிடலாம். இந்தியக் கோதாவில் அவர் காலத்தில் அவருக்கு ஈடில்லை என்பதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தேசம் இரண்டானபோது லாகூரில், தம் தெருவிலிருந்த ஹிந்துக் குடும்பங்களைக் காப்பாற்ற அவர் வாசலில் நின்றார் என்று சொல்லப்படுகிறது. 1960-ல் அதே லாகூரில், வியாதியிலும் வறுமையிலும் வாடி இறந்தார். நாம் ஏற்றிய கல்லின் கனம் போதாதென்று வாழ்க்கை ஏற்றிய கனமும் சேர்ந்துகொண்டது. நம் பங்குக் கல்லையாவது இறக்கி வைக்கலாம். அதற்குப் பிறகு மிஞ்சுகிற ஐந்தே முக்கால் அடிக்குள் அடங்கிய மனிதர் போதும். பெரிய காமா என்ற பேர் அவருக்குப் பொருந்தும்.