வளர்ச்சி உளவியல்: மரபுகளும் அளவுகோல்களும்

கருவிலிருந்து முதுமை வரை மனிதர் உடலாலும் அறிவாலும் உணர்வாலும் அடையும் மாற்றங்களை ஆராயும் துறை வளர்ச்சி உளவியல். அம்மாற்றங்களுக்கு உள்ளிருந்து எழும் முதிர்ச்சி காரணமா, சூழல் தரும் பயிற்சி காரணமா என்ற வழக்கில் அமெரிக்கரான ஆர்னால்ட் கெசல் முதிர்ச்சியின் பக்கமும் ஜான் வாட்சன் பயிற்சியின் பக்கமும் நின்றனர். இவ்விரண்டும் ஒன்றோடொன்று இயையும் விதத்தை ஆராய்ந்தவையே பிற்காலத்தில் செல்வாக்குப் பெற்ற மரபுகள்.

சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே (1896–1980) குழந்தைகளின் தவறான விடைகளிலும் ஓர் ஒழுங்கைக் கண்டு, அறிவு படிநிலைகளாக வளர்கிறது என்றார். சமமாக நீருள்ள இரு குவளைகளில் ஒன்றன் நீரை ஒடுங்கிய உயரமான குவளைக்கு மாற்றினால், நான்கைந்து வயதுக் குழந்தை அதிலேயே நீர் அதிகம் என்று கூறும். வடிவம் மாறினும் அளவு மாறாது என்னும் அறிவு, அதாவது 'அளவு மாறாமை', ஏறத்தாழ ஏழு வயதில் அமைகிறது என்பது அவர் முடிவு.

அதே 1896இல் பிறந்த ரஷ்ய அறிஞர் லெவ் வைகாட்ஸ்கி, அறிவு முதலில் மனிதர்களுக்கிடையே தோன்றிப் பின்னரே தனிமனத்துக்குள் செல்கிறது என்றார். குழந்தை தனியே செய்யக்கூடியதற்கும் மூத்தோர் துணையுடன் செய்யக்கூடியதற்கும் உள்ள இடைவெளியே அவர் கூறிய 'அண்மை வளர்ச்சி மண்டலம்'.

உணர்வு வளர்ச்சியை ஆராய்ந்த பிரிட்டனின் ஜான் பௌல்பி, குழந்தை தன்னைப் பேணுபவரிடம் கொள்ளும் பிணைப்பைப் 'பற்றுறவு' என்னும் கோட்பாடாக வகுத்தார். அதை அளக்க மேரி ஐன்ஸ்வொர்த் அமைத்த சோதனையில், புதிய அறையில் தாய் சிறிது நேரம் பிரிந்து மீளும்போது குழந்தை அவரை எதிர்கொள்ளும் விதமே முதன்மையாகக் கணிக்கப்படுகிறது. எரிக் எரிக்சனோ 1950இல் வெளியிட்ட நூலில் வாழ்நாள் முழுவதையும் எட்டுக் கட்டங்களாகப் பகுத்தார்.

இம்மரபுகளின் அளவுகோல்களும் பிற்காலத்தில் சோதனைக்குள்ளாயின. எடின்பரோவில் மார்கரெட் டொனால்ட்சனும் ஜேம்ஸ் மெக்காரிகிலும், பியாஜேயின் அளவு மாறாமைச் சோதனையில், சம எண்ணிக்கையில் பொருள்கள் அடுக்கிய இரு வரிசைகளில் ஒன்றை ஆய்வாளர் நீட்டாமல் ஒரு 'குறும்புக்காரக் கரடிப் பொம்மை' கலைப்பது போலக் காட்டியபோது, எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாகக் கூறிய குழந்தைகள் மிகுந்தனர். பற்றுறவுச் சோதனையிலும் ஜெர்மனி, ஜப்பான் ஆய்வுகள் சில, பற்றுறவு வகைகளின் விகிதத்தில் அமெரிக்க ஆய்வுகளிலிருந்து வேறுபட்டன. பிரிவுக்குப் பழகாத ஜப்பானியக் குழந்தைக்கு அச்சோதனையே பெருஞ்சுமையாகலாம் என்ற விளக்கமும் எழுந்தது.

ஆகவே, ஒரு குழந்தையைப் 'பின்தங்கியது' எனத் தீர்ப்பதற்கு முன், கேட்கப்பட்ட கேள்வியும் கேட்ட சூழலும் தகுந்தவையா என்று பார்ப்பதே இத்துறையின் முதல் அளவுகோலாக இருத்தல் வேண்டும்.