கூட்டுக்குள் ஒரு கண்

வட கரோலினாவில், எங்கள் கொல்லைப்புறக் கூட்டுப்பெட்டியின் கூரையில் பிப்ரவரி கடைசியிலேயே கேமராவைப் பொருத்திவிட்டேன். மார்ச்சில் ஈஸ்டர்ன் புளூபேர்ட் என்ற நீலக்குருவி இடம் பார்க்க வரும்போது, கேமரா பெட்டியோடு பெட்டியாக இருக்க வேண்டும். பாதியில் கொண்டுபோய் மாட்டினால் பறவை கூட்டையே கைவிட்டுவிடலாம்.

நான் வாங்கியது கட்டைவிரல் அளவுள்ள வைஃபை கேமரா. 100 டாலருக்குள் கிடைத்தது. பெட்டிக்குள் எப்போதும் இருட்டு என்பதால் அகச்சிவப்பு விளக்கில்தான் படம் எடுக்கிறது. அந்த விளக்கு 940 நானோமீட்டரா என்று பார்த்து வாங்குங்கள்; 850 என்றால் மங்கலான சிவப்பு வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும். இதில் ஒரே ஓர் ஏக்கம் உண்டு. புளூபேர்டின் முட்டை வெளிர் நீலம். அகச்சிவப்பிலோ எல்லாம் கறுப்பு வெள்ளைதான். தினம் ஒன்றாக ஐந்து முட்டைகள் சேர்ந்ததைப் பார்த்தேன், ஐந்தும் சாம்பல் நிறத்தில்.

கேமராவின் பெரிய குறை ஃபோகஸ். லென்ஸைக் கையால் திருகித்தான் சரிசெய்ய வேண்டும். பெட்டியின் தரையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துத் துல்லியமாகத் திருகினேன். பெண் குருவி பைன் ஊசியிலைகளை அடுக்க அடுக்கக் கூடு லென்ஸை நோக்கி உயர்ந்தது, படம் மங்கிப்போனது. முட்டை வந்தபின் கை வைக்க மனமில்லை. பழத்தின் அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்கு எதையாவது வைத்திருக்க வேண்டும். ஏப்ரலில் மரங்கள் இலைவிட்டதும் சிக்னலும் தளர்ந்தது. மழை நாட்களில் அறுந்தே போனது. வீட்டிலிருந்து கேபிள் இழுக்க முடிந்தவர்கள், மின்சாரமும் படமும் ஒரே ஈதர்நெட் கம்பியில் போகும் வகையை வாங்கலாம்.

பார்த்ததைப் பதிய கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் நெஸ்ட்வாட்ச் செயலி. இலவசம். ஒவ்வொரு முறையும் தேதி, முட்டை எத்தனை, குஞ்சு எத்தனை என்று குறித்தால் ஆய்வாளர்களுக்குப் போய்ச் சேர்கிறது. எப்போது பெட்டியைத் திறக்கக் கூடாது என்றும் அவர்கள் சொல்லித்தருகிறார்கள்: மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை போதும், அதிகாலையில் வேண்டாம், குளிர்மழையில் வேண்டாம். குஞ்சுகளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று நாள் ஆனபின் திறக்கவே கூடாது. மிரண்டு, பறக்கத் தெரியாமலேயே வெளியே குதித்துவிடும். அவை பறப்பதோ 17 முதல் 21 நாளுக்குள். திறக்கக் கூடாத அந்த ஒரு வாரத்துக்காகவே கேமராவுக்குக் கொடுத்த காசு தகும். பெட்டிக்கு வெளியே நின்று தவிக்காமல், அடுப்படியிலிருந்தே ஐந்து அலகுகளையும் எண்ணினேன்.

அசைவு தெரிந்தால் கைபேசி ஒலிக்கும் வசதியும் உண்டு. முட்டைகள் வருவதற்கு முன் ஒரு மாலை அது ஒலித்தது. திரையில், கழுத்தில் கறுப்புத் திட்டோடு ஓர் ஆண் சிட்டுக்குருவி வைக்கோலோடு நுழைந்துகொண்டிருந்தது. ஊரில் சிட்டுக்குருவிக்காக அட்டைப்பெட்டியைத் திண்ணை விட்டத்தில் கட்டிய கை இது. 1850களின் தொடக்கத்தில் புரூக்ளினில் கொண்டுவந்து விடப்பட்ட அந்தப் பறவை, இங்கே புளூபேர்டின் குஞ்சுகளையும் சில நேரம் தாயையும் கொத்திக் கொல்கிறது. பெட்டியின் ஒன்றரை அங்குல வாசல் ஸ்டார்லிங் பறவையைத் தடுக்கும், சிட்டைத் தடுக்காது. 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டம் புளூபேர்டின் கூட்டைக் காக்கிறது, சிட்டின் கூட்டை அல்ல. வைக்கோலை எடுத்தேன். மறுநாளும் எடுத்தேன். மூன்றாம் நாள் அது வரவில்லை. நெஞ்சு கனத்தது, ஆனால் கேமரா இல்லையென்றால் எனக்குத் தெரிந்திருக்காது.

பாம்பைத் தடுக்க மட்டும் கேமராவால் பயனில்லை. பெட்டி நிற்கும் கம்பத்தில் தகரக் குழாய்த் தடுப்பு மாட்டுங்கள். கேமராவை வாங்குமுன் அதை வாங்குங்கள்.

மே மாதம் ஐந்தும் பறந்துபோயின. பழைய கூட்டை அள்ளிப்போட்டு, லென்ஸைத் துடைத்து, இந்த முறை நான்கு விரற்கடை மேலே ஃபோகஸ் வைத்து மூடினேன். சில நாள் கழித்துத் திரையில் பெண் குருவி. அலகில் ஒரு பைன் ஊசியிலை, தெளிவாக.