இன்னொரு மீனுக்கான கணக்கு

மாலை ஐந்து மணி. படகின் மீன் அறையில் மூன்று கட்டம் காலி. கரை சேர ஒரு மணி நேரமாவது ஆகும். எதிரே தண்ணீர் குமிழியிடுகிறது. அடியில் மீன் நிற்கிறது. ‘ட்ரெட்ஜ்’ என்ற கணினி ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் இந்த இடத்தில்தான் முடிவாகின்றன. ஆழத்தில் கிடக்கும் பேருருவங்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் படகை உடைப்பது, கிளம்பாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரம்.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் நான்கே பேர் கொண்ட ‘பிளாக் சால்ட் கேம்ஸ்’ குழு இதை உருவாக்கியது. 2023 மார்ச் 30 அன்று வெளியான ஆட்டம், அதே ஆண்டு அக்டோபருக்குள் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அந்த ஆண்டின் கேம் அவார்ட்ஸ் விழாவில், சிறந்த அறிமுகச் சிறுநிறுவன ஆட்டத்துக்கான இறுதிப் பட்டியலில் நம் ‘வெண்பா’ ஆட்டமும் இதுவும் சேர்ந்தே இருந்தன. பரிசு ‘கொக்கூன்’ ஆட்டத்துக்குப் போனது.

ஆட்டக்காரர் ஒரு மீனவர். கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்குகிறார். ஊர்த்தலைவர் புதுப் படகு தருகிறார், கடனாக. அந்தக் கடனை அடைக்க மீன் பிடிக்க வேண்டும். புதிர் தொடங்குவது மீன் அறையில். அறை முழுக்கச் சதுரக் கட்டங்கள். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வடிவம். விலாங்கு நீண்டு கிடக்கும், திருக்கை அகலமாக இடம் கேட்கும். திருப்பித் திருப்பி அடுக்கி இடுக்கை நிரப்ப வேண்டும். எஞ்சினும் விளக்கும் தூண்டிலும்கூடப் படகில் கட்டங்களைப் பிடித்துக்கொள்பவைதாம். வேகம் வேண்டுமா, வெளிச்சம் வேண்டுமா, ஆழத்து மீன் வேண்டுமா என்று எப்போதும் ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். பாறையில் இடித்தால் ஒரு கட்டம் உடையும். அங்கே மீன் இருந்தால் அது கடலோடு போகும். எஞ்சின் இருந்தால் படகு தவழும்.

நேரத்தைக் கையாண்ட விதம் இன்னும் நுட்பமானது. படகு ஓடும்போதும் தூண்டில் போடும்போதும்தான் கடிகாரம் நகர்கிறது; நின்று யோசித்தால் அதுவும் நிற்கும். ஆகவே இருட்டில் மாட்டிக்கொண்டவர் ‘நேரம் போனதே தெரியவில்லை’ என்று சொல்லித் தப்ப முடியாது. பிடித்த மீனும் நாள் கடந்தால் விலை இறங்கும், பிறகு அழுகும். குமரிக் கரையின் முட்டம் மீன் ஏலக்கூடத்தில் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலை கேட்பவர்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இருட்டியதும் திரையின் மேலே ஒரு கண் திறக்கிறது. பதற்றம் ஏற ஏற அது நிலைகொள்ளாமல் சுழல்கிறது. பகலில் இல்லாத பாறைகள் முன்னால் முளைக்கின்றன. பறவைகள் இறங்கி மீனைக் கொத்திக்கொண்டு போகின்றன. பயம் இங்கே ஆட்டத்தின் விதியாகவே மாறிவிடுகிறது. பயந்தவனுக்கு அறையில் சரக்கு குறைகிறது. இந்தத் திகில் வகைக்கு மூலவரான அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்ட், ‘இன்ஸ்மவுத்’ கதையில் ஒரு மீனவ ஊரை வெளியூர்க்காரனின் அருவருப்போடு பார்த்தார். கடலும் கடலோரத்து மக்களும் அவருக்குச் சந்தேகத்துக்குரியவர்கள். ‘ட்ரெட்ஜ்’ அந்தப் பயத்தை எடுத்துக்கொண்டு, பார்வையைப் படகுக்கு மாற்றிவிட்டது. இதன் பெரிய சாதனை என்று இதைத்தான் சொல்வேன்.

ஆனால் நம் கடற்கரையிலிருந்து பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. கடலில் இந்த மனிதனுக்குத் துணையே கிடையாது. கூப்பிட்டால் வர ஒரு படகு இல்லை. தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் தொழிலாளர்கள் வாரக்கணக்கில் கடலில் கிடப்பவர்கள், ஆனால் கூட்டாகப் போகிறவர்கள், வயர்லெஸ்ஸில் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டே இருப்பவர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, கரையில் இருந்தவர்கள் சொந்தப் படகுகளிலேயே காணாமல் போனவர்களைத் தேடிக் கிளம்பினார்கள். அந்தத் துணையைப் பறித்துவிட்டுத்தான் ஆட்டம் தன் திகிலைச் சம்பாதிக்கிறது. கதைக்கு அது பொருந்துகிறது. கடல்தொழிலின் உண்மைக்குப் பொருந்தவில்லை.

நடு ஆட்டத்துக்குப் பிறகு பிடி தளர்கிறது. பெரிய எஞ்சின்கள் வாங்கியாயிற்று, அதிவேக சக்தியும் கைக்கு வந்தாயிற்று என்றால் இரவு வெறும் தொந்தரவாகிவிடும். மீன் பிடிக்கும் சிறு ஆட்டமும் இளக்கமானது. தவறாக அழுத்தினாலும் நேரம்தான் போகும், மீன் தப்பாது. மீன் வறண்ட இடம் சில நாளில் தானாக நிரம்புகிறது. இழுவலைக்கும் ஓய்வு கிடையாது. இங்கே குமரி மாவட்டம் ஒன்றுக்குள்ளேயே இரண்டு மீன்பிடித் தடைக்காலம்: சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1 முதல், இரண்டும் 61 நாள். தடைக்காலத்தில் கடன் எப்படி அடைபடும் என்ற கேள்வியை ஆட்டத்துக்குள் கொண்டுவந்திருந்தால் கடைசி வரை இறுக்கம் நின்றிருக்கும்.

2024 ஆகஸ்டில் வந்த ‘தி அயர்ன் ரிக்’ இணைப்பை நம் வாசகர்கள் அவசியம் ஆடிப் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனம் நடுக்கடலில் துளையிடும் மேடை அமைக்கிறது, கடலடி பிளந்து கருங்குழம்பு கசிகிறது, மீன்கள் உருமாறுகின்றன. குமரிக்குத் தெற்கே எண்ணெய், எரிவாயு எடுக்க மத்திய அரசு ஏலம் விட்டபோது வீதிக்கு வந்த மீனவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது. புதிராக அது மெலிந்ததுதான். பாதி நேரம் பொருள் சேகரிப்பிலேயே போகிறது. என் ஆட்சேபம் வேறு. அந்த மேடைக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கதை நகர்கிறது. ‘முடியாது’ என்று சொல்லும் வழியை மட்டும் ஆட்டக்காரருக்கு அதை உருவாக்கியவர்கள் வைக்கவில்லை.