ஏலமேடையில் யாக்கோப் ஸ்டைனர்

1750இல் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் இறந்ததும் எடுத்த சொத்துப் பட்டியலில் 'ஸ்டைனர்' வயலின் ஒன்றுக்கு 8 தாலர் (அக்கால ஜெர்மன் நாணயம்) போட்டிருந்தார்கள். மட்டமானது என்று குறித்த இன்னொரு வயலினுக்கு 2 தாலர். வயலின் செய்யும் கைவினைஞர் யாக்கோப் ஸ்டைனர் இறந்து அப்போதே 67 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆஸ்திரியாவின் டைரோல் மலைநாட்டில், இன்ஸ்ப்ரூக்கை அடுத்த அப்சாம் அவர் ஊர். பாக் வைத்திருந்தது அவரே செய்ததா, அவர் பாணியில் வேறொருவர் செய்ததா என்று பட்டியலை வைத்துச் சொல்ல முடியாது. ஸ்டைனரின் விலையைப் பேசும் எவரும் இந்தச் சந்தேகத்தில்தான் தொடங்க வேண்டும்.

18ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரியின் வயலின்களைவிட ஸ்டைனருடையவை அதிக விலைக்குப் போயின. வயலின் கலைஞர்களில் லோகாடெல்லி ஒன்று வைத்திருந்தார், வெராசினி தம்முடைய இரண்டைக் கப்பல் விபத்தில் பறிகொடுத்தார். இன்று நிலைமை தலைகீழ். 'லேடி பிளண்ட்' என்ற ஸ்ட்ராடிவாரி வயலின் 2011 ஏலத்தில் சுமார் 1.59 கோடி டாலருக்கு விற்றது. ஸ்டைனருக்கு அதில் ஒரு சிறு பங்கு கிடைத்தாலே பெரிது.

மரம் மாறவில்லை, அரங்கம் மாறியது. ஸ்டைனர் தம் வயலின்களின் மேற்பலகையை நன்கு உப்பலாகச் செதுக்கினார். அரண்மனைக் கூடத்திலும் தேவாலயத்திலும், ஆட்டுக்குடல் நரம்பில், அது தெளிவாகவும் இனிமையாகவும் பேசியது. 1782இல் பாரிஸ் மேடையேறிய வயலின் கலைஞர் வியோட்டிக்குப் பிறகு ரசனை ஸ்ட்ராடிவாரி பக்கம் சாய்ந்தது. கச்சேரி மண்டபங்கள் பெரிதாயின. வயலின்களின் கழுத்தை நீட்டிச் சாய்த்தார்கள், நரம்பின் இழுவிசை ஏறியது. அந்த அழுத்தத்தில் தட்டையான ஸ்ட்ராடிவாரிப் பலகை முழங்கியது. உப்பிய பலகை கடைசி வரிசைவரை எட்டவில்லை. ஆக, விலை இறங்கியதில் ஒரு நியாயம் உண்டு. பெரிய மண்டபத்தில் வாசிப்பவருக்கு ஸ்டைனர் உண்மையிலேயே தோதுப்படாது. ஆனால் அதையே கைவினையின் தர அளவுகோலாகக் கொள்வது, பல்லக்கைத் தேரின் உயரத்தால் அளப்பது போல.

பெயரைக் கெடுத்ததில் போலிகளுக்கும் பெரும் பங்கு. ஸ்டைனர் பெரும்பாலும் கையால் எழுதிய சீட்டைத்தான் உள்ளே ஒட்டினார். அச்சடித்த 'ஸ்டைனர்' சீட்டோடு உலகெங்கும் பரண்களில் கிடப்பவை பெரும்பாலும் பிற்காலத் தொழிற்பட்டறைச் சரக்கு. நகலெடுத்தவர்கள் உப்பலை இன்னும் மிகைப்படுத்தினார்கள். 'ஸ்டைனர் என்றால் மூக்கடைத்த குரல்' என்ற ஏளனம் பலவேளை அந்த நகல்களைக் கேட்டவர்களுடையது.

இங்கே ஏல நிறுவனங்களைப் பாராட்டத்தான் வேண்டும். 'ஸ்டைனர் செய்தது', 'அவர் செய்ததாகக் கருதப்படுவது', 'ஸ்டைனர் சீட்டு உள்ளது' என்று அட்டவணையில் அவர்கள் காட்டும் படிநிலைகள், தாத்தா விட்டுப்போன சீட்டை நம்பி ஏமாறுவோருக்கு நல்ல எச்சரிக்கை. பலகையின் வளர்ச்சி வளையங்களைக் கொண்டு மரத்தின் காலத்தைக் கணிக்கும் மரவளையக் கணக்கும் உதவுகிறது. ஆனால் கடைசி வளையத்தின் ஆண்டு, ஸ்டைனர் இறந்த 1683க்குப் பிந்தியதானால் ஸ்டைனர் இல்லை என்று அடித்துச் சொல்லலாமே தவிர, முந்தியதாக இருந்தால் அவரேதான் என்று சொல்ல முடியாது. அங்கே தீர்ப்பு மறுபடி நிபுணரின் கண்ணுக்கே போகிறது. அந்த நிபுணரே சில சமயம் வணிகராகவும் இருப்பதுதான் இந்த முறையின் பெரிய ஓட்டை. சான்றிதழ் தருபவருக்கும் விற்பவருக்கும் இடையே தெளிவான சுவர் இல்லாத சந்தையில், விலையை அறிவின் அளவாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

விலை குறைந்ததில் ஒரு லாபமும் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் பழைய இசையைப் பழைய கருவிகளில் மீட்டவர்களுக்கு ஸ்டைனர் எட்டும் தூரத்தில் இருந்தது. வியன்னாவின் கொன்சென்டுஸ் மூசிகுஸ் குழுவில் ஆலிஸ் ஹார்னன்கோர்ட் வாசித்தது ஸ்டைனர் வயலினே. பாக், பீபர் ஆகியோரின் இசைக்கு அந்தக் குரல் பொருந்துவதை இசைத்தட்டிலேயே கேட்கலாம். ஸ்ட்ராடிவாரி விலைக்கு ஏறியிருந்தால் இவற்றில் பல முதலீட்டாளர்களின் பெட்டகத்துக்குப் போயிருக்கும். வாசிப்பவர் அவர்களிடம் இரவல் கேட்டு நிற்க வேண்டியிருந்திருக்கும்.