கோடும் சொல்லும்: வடிவமைப்புக் கல்வி குறித்து ஒரு மதிப்பீடு

அரபு மொழியில் 'ரஸ்ம்' என்றால் வரைதல். குர்ஆன் பிரதியின் எழுத்தமைதிக்கும் அதுவே பெயர். மன்திக் என்னும் தர்க்கக் கலையில், ஒரு பொருளை அதன் பண்புகளைக் கொண்டு விளக்கும் வரைவிலக்கணத்தையும் ரஸ்ம் என்றே நம் முன்னோர் வழங்கினர். தமிழிலும் வரைபடம், வரையறை இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. ஓவியம் 'எழுதுதல்' என்பது பழைய வழக்கு. கோட்டையும் சொல்லையும் சிந்தனையின் இரு கைகளாகவே இம்மொழிகள் கண்டன. இன்றைய வடிவமைப்புக் கல்வியோ இரண்டையும் பிரித்து வைத்து, இரண்டையும் மெலியச் செய்கிறது என்பது நம் கருத்து.

சேலத்தை அடுத்த இளம்பிள்ளையில், சேலைக்கு டிசைன் போடும் கூடம் ஒன்றில் அண்மையில் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். ஜக்கார்டு தறிக்கான கட்டத்தாளில் ஒரு கட்டம் என்பது, பாவு நூலும் ஊடை நூலும் குறுக்கிடும் ஓர் இடம். எனவே மாங்காயின் வளைவு தாளில் படிக்கட்டாக உருமாறுகிறது. எந்தக் கட்டத்தை நிரப்புவது, எதை விடுவது என்பது கையின் முடிவு மட்டுமன்று. துணியைப் பற்றிய தீர்ப்பும் ஆகும். அங்குலத்திற்கு 80 பாவு நூலும் 60 ஊடை நூலும் கொண்ட துணிக்குச் சதுரக் கட்டத்தாளில் வட்டம் வரைந்தால், நெய்தபின் அது உயரவாக்கில் நீண்டுவிடும். ஊடை நூல் நெடுந்தொலைவு பிடிப்பின்றிக் கிடந்தால் வளையலில் சிக்கி இழுபடும்.

அங்கே பயிற்சிக்கு வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர், கணினி உருவாக்கிய டிசைனைக் காட்டினார். ஓரிடத்தைச் சுட்டி, "இங்கே நூலை ஏன் கட்டவில்லை?" என்று முதிய நெசவாளர் வினவினார். மாணவரிடம் விடை இல்லை. அதற்குரிய ஆங்கிலச் சொல்லைத் தேர்வில் எழுதியவர்தாம் அவர். ஆனால் அச்சொல் குறிக்கும் நூலை அவர் விரல் அறியாது. பெரியவரின் விரல் அறியும். அவருடைய சொல்லுக்குப் பாடநூலில் இடமில்லை.

டொனால்ட் ஷோன் 1983இல் வெளியிட்ட நூலில், கட்டடக்கலை ஆசிரியர் ஒருவர் வரைந்துகொண்டே பேசுவதையும் பேசிக்கொண்டே வரைவதையும் ஆராய்ந்து, இரண்டும் சேர்ந்ததே வடிவமைப்பின் மொழி என்றார். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்குச் சென்று, கைத்தொழிலாளர் அளவெடுத்துக் கோடிழுத்து உரையாடுவதைக் கவனித்தால் இது விளங்கும்.

இப்பிளவு புதிதன்று. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அபுல் வஃபா அல்பூஸ்ஜானீ, கைவினைஞருக்குத் தேவையான வடிவியல் குறித்து நூல் யாத்தார். மூன்று சம சதுரங்களை ஒரே சதுரமாக்கும் வினா எழுந்த அவையொன்றை அதில் விவரிக்கிறார். வடிவியலாருக்கு நிரூபணம் இருந்தது, செய்கைப் பழக்கம் இல்லை. கைவினைஞருக்குப் பழக்கம் இருந்தது, நிரூபணம் இல்லை. கண்ணுக்குச் சரியாகத் தோன்றிய சில வெட்டுகள் உண்மையில் பிழையானவை. இரு சாராரையும் அவர் கண்டித்தார்; இருவருக்கும் பயன்படும் நூலையும் தந்தார்.

கணினி நேரத்தை மிச்சப்படுத்துகிறது, அட்டை குத்தும் உழைப்பைக் குறைக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆங்கிலமும் வேண்டியதே. நாம் ஆட்சேபிப்பது வரிசையை. கை கற்பதற்கு முன்பே திரை வந்துவிடுகிறது. பொருள் விளங்குவதற்கு முன்பே பெயர் வந்துவிடுகிறது. விளைவாக மாணவர் படியெடுக்கிறார், படைப்பதில்லை.

பிறரைச் சொல்லும்போது நம்மையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மன்திக்கில் 'தஸவ்வுர்' என்பது ஒன்றை மனத்தில் உருவாக்கிக் கொள்வது. 'ஸூரத்' என்னும் உருவத்திலிருந்து பிறந்த சொல் அது. அதன் இலக்கணத்தை மனனம் செய்த நம் மாணவரிடம் ஒரு முக்கோணத்தை வரைந்து விளக்கச் சொன்னால் தயங்குகிறார். ஆண்டுதோறும் அப்பாடத்தை நடத்தும் நாமும் அவரிடம் கரும்பலகையைத் தந்ததில்லை.

சேலத்தில் 1960 முதல் கைத்தறித் தொழில்நுட்பக் கல்விக்கென மைய அரசின் நிறுவனம் இயங்கிவருகிறது. இத்தகைய கல்வி நிலையங்கள் அனைத்திலும் முதல் பருவத்திலேயே ஒரு பயிற்சி இடம்பெற வேண்டும்: மாணவர் கட்டத்தாளில் கையால் ஓர் உருவை வரைந்து, அதைத் தறியில் அமர்ந்திருப்பவருக்குத் தமிழில் விளக்கட்டும். நெசவாளர் கேட்கும் வினாவுக்கு விடை சொல்ல இயன்ற பின்னர் கணினியைத் திறக்கட்டும். அப்போது திரையில் தோன்றும் ஆங்கிலச் சொல் அவருக்கு அந்நியமாய் இராது. அது எந்த நூலைக் குறிக்கிறது என்பதை அவர் விரலே அறிந்திருக்கும்.